ரத்தக் கறை இல்லாத நோட்டு

கேள்வி: டாக்டர், எனக்கு 20 வயசு. 15 வயசுல டைப் 1 சுகர்னு கண்டுபிடிச்சாங்க. இப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன், ரூம்ல என்னோட சேர்த்து 3 பேர், யாருக்கும் எனக்கு சுகர் இருக்கறது தெரியாது. ராத்திரி ஊசிய பாத்ரூம்ல போய் போட்டுக்கறேன். மதியம் எல்லாரோடயும் சேர்ந்து சாப்பிடறதால அந்த ஊசிய பாதி நாள் போடறதே இல்ல. டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின ராத்திரி உக்காந்து 3 மாச சுகர் நம்பர் எல்லாத்தையும் நானே கற்பனையா நோட்டுல எழுதிடறேன், சந்தேகம் வரக்கூடாதுன்னு கலர் பேனா மாத்தி மாத்தி எழுதறேன். ஆனா ரத்த டெஸ்ட்ல எச்பிஏ1சி (3 மாச சராசரி சுகர்) 10.4 வந்துச்சு, டாக்டர் அம்மா முன்னாடியே திட்டிட்டாரு. போன மாசம் ஒரு ராத்திரி சுகர் லோ ஆகி, உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கி எழுந்தேன், கைல கிடச்சதெல்லாம் சாப்பிட்டேன். பக்கத்துல படுத்திருந்த ஃப்ரெண்ட் கெட்ட கனவாடின்னு கேட்டா, ஆமான்னு சொல்லிட்டேன். கண்ணு, கிட்னி எல்லாம் போயிடும்னு சொல்றாங்களே, நெஜமா? ஆயுசு பூரா இப்படி ஒளிச்சே வாழணுமா? ரொம்ப அலுத்துப் போச்சு.

பதில்:

உனக்கு என் பொண்ணு வயசும்மா, அதனால நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காத.

உன் லெட்டர படிச்சப்ப என் மனசுல நின்னது அந்த 10.4 இல்ல, அந்த கலர் பேனா தான். ஒரு நாளைக்கு 4 நம்பர்னு வெச்சாலே 3 மாசத்துக்கு 360 நம்பர் வருது, ஒரே ராத்திரில உக்காந்து 360 நம்பர யோசிச்சு, நடுவுல பேனா மாத்தி, அது நெஜம் மாதிரி தெரியணும்னு அங்கங்க ஒரு 190 சேத்து எழுதியிருப்ப. இத அக்கறை இல்லாத பொண்ணு செய்ய மாட்டா. பயந்து போன பொண்ணு தான் செய்வா. அந்த பயத்த பத்தி தான் இன்னிக்கு நிறைய பேசப் போறேன், ஏன்னா உன் லெட்டர்ல இருக்கற ஒவ்வொரு பிரச்சினையும் சுத்தி சுத்தி அங்க தான் வந்து நிக்குது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த நோட்டு பொய்னு உன் டாக்டருக்கு தெரியும். எங்க எல்லாருக்குமே தெரியும். நெஜமான சுகர் நோட்டு எப்படி இருக்கும் தெரியுமா, ஓரத்துல சின்னச் சின்னதா ரத்தக் கறை இருக்கும், ஒரு வாரம் ஒண்ணுமே எழுதாம காலியா கிடக்கும், 387ன்னு ஒண்ணு இருக்கும் அடுத்த வேளையே 62 இருக்கும், சில இடத்துல கோவத்துல பேனாவ அழுத்தி எழுதி பேப்பர் கிழிஞ்சிருக்கும். கற்பனையா எழுதின நோட்டுல 120, 135, 140, 125ன்னு எல்லாம் 0லயும் 5லயும் முடியும், பக்கம் சுத்தமா இருக்கும். அப்படி ஒரு நோட்ட பார்த்தா இப்பல்லாம் எனக்கு கோவம் வர்றதில்ல, இந்தப் பிள்ளைய நெஜத்த எழுத முடியாத அளவுக்கு யாரு பயமுறுத்தினதுன்னு தான் தோணும்.

முன்னாடி அப்படி இல்ல. வேலைக்கு வந்த புதுசுல நானும் திட்டுவேன். 17 வயசுப் பையன் ஒருத்தன் இதே மாதிரி நோட்டோட வந்தான், அவங்க அப்பா பக்கத்துல இருக்கறப்பவே ஏன்டா பொய் எழுதறன்னு கேட்டுட்டேன், அவன் ஒண்ணும் பேசல, தலைய குனிஞ்சுகிட்டே உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல. 7 மாசம் கழிச்சு கீட்டோஅசிடோசிஸ்ல, அதாவது இன்சுலின் இல்லாம ரத்தத்துல அமிலம் ஏறிப் போன நிலைல, ஐசியூல தான் திரும்ப பார்த்தேன், மூச்சு வேகமா இழுத்துட்டு, நெனவு பாதி போயி. பிழைச்சுட்டான், ஆனா அன்னிக்கு நான் திட்டாம இருந்திருந்தா அவன் அந்த 7 மாசமும் வந்திருப்பான், இத நான் மறக்கல. உன்ன உங்க அம்மா முன்னாடி திட்டினது தப்பு, இன்னொரு டாக்டரா நான் அதுக்கு மன்னிப்பு கேக்கறேன்.

ஆனாலும் நோட்டுல பொய் எழுதறத நீ நிறுத்தியே ஆகணும், அதுக்கு காரணம் நேர்மை நியாயம் எல்லாம் இல்ல, உன் உயிர். யோசிச்சுப் பாரு, மதியம் நீ ஊசி போடல, சாயங்காலம் சுகர் 300க்கு மேல போகுது, எச்பிஏ1சி 10.4 வருது, டாக்டர் கைல இருக்கற நோட்டுல எல்லா ஊசியும் போட்டதா இருக்கு. அவரு என்ன நினைப்பாரு? இந்த டோஸ் போதலன்னு நினைச்சு யூனிட்ட ஏத்துவாரு. நீ போடாத ஊசியோட டோஸ் ஏறிட்டே போகும். திடீர்னு ஒரு நாள் காய்ச்சல்னு ஹாஸ்பிடல்ல சேர்த்தாங்கன்னா, சீட்டுல எழுதியிருக்கற அத்தனை யூனிட்டையும் நர்ஸ் வேளா வேளைக்கு சரியா போட்டுடுவாங்க, அப்ப உன் சுகர் தடால்னு கீழ இறங்கிடும். இப்படி நடந்து நான் பார்த்திருக்கேன். அதனால இத படிச்சுட்டு நாளையில இருந்து எல்லா ஊசியையும் முழுசா போட்டுடறேன்னு ஆரம்பிச்சுடாத, முதல்ல டாக்டர்கிட்ட போய் எது போட்டேன் எது போடலன்னு சொல்லி, டோஸ புதுசா கணக்கு போட்டு வாங்கு. ராத்திரி போடற நீண்ட நேர இன்சுலின மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாத.

அந்த ராத்திரி லோ ஆனத பத்தி ஒண்ணு கேக்கறேன், நீ எழுதல, ஆனா என் அனுபவத்துல இது தான் நடந்திருக்கும்னு தோணுது. மதியம் ஊசி இல்ல, சாயங்காலம் செக் பண்ணா நம்பர் பயங்கரமா இருக்கு, பயந்து போய் ராத்திரி சாப்பாட்டுக்கு போடற வேகமான இன்சுலின்ல கூட நாலு யூனிட் சேத்து போட்டிருப்ப, அப்புறம் படுக்கப் போறப்ப இன்னும் இறங்கலையேன்னு மறுபடியும் கொஞ்சம் போட்டிருப்ப. வேகமான இன்சுலின் போட்டதுக்கு அப்புறம் ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும்மா. முதல் ஊசி வேலை செஞ்சுட்டு இருக்கறப்பவே ரெண்டாவது மேல வந்து உக்காந்துச்சு, நடுராத்திரி ரெண்டும் சேர்ந்து இழுத்துடுச்சு. அப்படின்னா உன்ன அன்னிக்கு நடுங்க வெச்சது மதியம் யாரும் பார்க்கக் கூடாதுன்னு நீ போடாம விட்ட அந்த ஊசி. அன்னிக்கு சாயங்காலம் ஓடியாடி விளையாடியிருந்தாலும் இது நடக்கும், ஏன்னா உடற்பயிற்சி முடிஞ்ச பிறகும் தசை சர்க்கரைய இழுத்துட்டே இருக்கும், சில சமயம் அடுத்த நாள் வரைக்கும் கூட.

லோன்னா எதுன்னு கணக்கு தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். 70க்கு கீழ போனா லோ, 54க்கு கீழ போனா அது ஆபத்தான லோ. அப்ப 15 கிராம் வேகமா ஏறுற சர்க்கரை எடுத்துக்கணும், குளுக்கோஸ் மாத்திரையோ, 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சோ, இல்ல அரை டம்ளர் பழ ஜூஸோ, எடுத்துட்டு 15 நிமிஷம் காத்திருந்து மறுபடியும் செக் பண்ணணும், ஏறலன்னா இன்னொரு தடவ. அந்த 15 நிமிஷம் எவ்வளவு கொடுமைன்னு எனக்கு தெரியும், உடம்பு சாப்பிடு சாப்பிடுன்னு கத்தும், மூளைக்கு சர்க்கரை இல்லாதப்ப அது பொறுமையா இருக்காது, நீ கைல கிடச்சதெல்லாம் சாப்பிட்டது பேராசையும் இல்ல ஒழுக்கக் குறைவும் இல்ல. சாக்லேட் மாதிரி கொழுப்பு இருக்கறது வேண்டாம், கொழுப்பு இருந்தா சர்க்கரை ரத்தத்துக்கு போக லேட் ஆகும். குளுக்கோஸ் தலகாணிக்கு பக்கத்துலயே இருக்கணும், பீரோவுல இல்ல, பைக்குள்ள அடியில இல்ல, இருட்டுல கண்ண திறக்காம கை நீட்டினா கிடைக்கற தூரத்துல.

இப்ப அந்த ஃப்ரெண்ட பத்தி பேசலாம். கெட்ட கனவாடின்னு கேட்டா பாரு, அந்தப் பொண்ணு. நடுராத்திரி தூக்கத்துல எழுந்து உன்ன கவனிச்சு கேட்டிருக்கா. அன்னிக்கு நீயா எழுந்த, சரி, எழுந்திரிக்க முடியாத அளவுக்கு லோ ஆகியிருந்தா? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நல்லா தூங்கறான்னு நினைச்சு லைட்ட அணைச்சுட்டு படுத்துடுவா. இத சொல்லி உன்ன பயமுறுத்தணும்னு எனக்கு ஆசை இல்ல, ஆனா டைப் 1 இருக்கறவங்க கூட ஒரே ரூம்ல தூங்கறவங்களுக்கு அது தெரிஞ்சே ஆகணும், இதுல மட்டும் நான் கொஞ்சம் கூட விட்டுக் கொடுக்க மாட்டேன். காலேஜுக்கே சொல்லுன்னு சொல்லல. க்ளாஸுக்கு சொல்ல வேண்டாம், ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம். அவ ஒருத்தி கிட்ட சொல்லு, ரெண்டு நாளோ ஒரு வாரமோ கழிச்சு அடுத்தவகிட்ட சொல்லு.

எப்படி சொல்றதுன்னு கேப்ப. இப்படி சொல்லிப் பாரு, "எனக்கு டைப் 1 சுகர் இருக்குடி, ஒட்டிக்கிற நோய் இல்ல, என் உடம்புல இன்சுலின் சுரக்காது அதனால நான் ஊசியா போட்டுக்கறேன். எப்பயாவது நான் வேர்த்துப் போய் உளறினாலோ, காரணமே இல்லாம எரிஞ்சு விழுந்தாலோ, தலகாணி பக்கத்துல குளுக்கோஸ் இருக்கும், நான் வேண்டாம்னு சொன்னாலும் குடிக்க வை. கூப்பிட்டும் நான் எழலைன்னா வாயில எதையும் ஊத்தாத, என்ன ஒருக்களிச்சு படுக்க வெச்சுட்டு உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடு." அவ்வளவு தான், ஒரு நிமிஷம் கூட ஆகாது. குளுக்ககான்னு ஒரு மருந்து இருக்கு, ஊசியாவும் மூக்குல அடிக்கற பவுடராவும் வருது, மயங்கிக் கிடக்கறவங்களுக்கு பக்கத்துல இருக்கறவங்க போடலாம், கல்லீரல்ல சேத்து வெச்சிருக்கற சர்க்கரைய அது வெளிய தள்ளும். அது உனக்கு கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளு, கிடைச்சா அத எப்படி போடறதுன்னு அவளுக்கும் காட்டிக் குடு.

அவ உன்ன வேற மாதிரி பார்ப்பாளோன்னு உனக்கு பயம். முதல் ஒரு வாரம் பார்ப்பா தான், இத சாப்பிடலாமா அத சாப்பிடலாமான்னு கேட்டு உயிர வாங்குவா. அப்ப சொல்லு, சாப்பிடலாம், அதுக்கு ஏத்த மாதிரி ஊசி போட்டுக்குவேன், நீ காவல் காக்க வேண்டாம், லோ ஆனா மட்டும் கூட நில்லு போதும்னு. சோனியா சோட்டோமேயர்னு ஒருத்தங்க, அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல 2009ல இருந்து நீதிபதி, 7 வயசுல டைப் 1 வந்துச்சு, அந்த வயசுலயே தன் ஊசிய தானே போட கத்துக்கிட்டவங்க. அப்படிப்பட்ட தைரியசாலியே ரொம்ப வருஷம் நண்பர்கள்கிட்ட கூட இத வெளிப்படையா பேசல, பெரியவங்க ஆனதுக்கு அப்புறம் தான் வெளிய சொல்ல ஆரம்பிச்சாங்க. அதனால உனக்கு இப்ப வாய் வராதது ஒண்ணும் அதிசயம் இல்லம்மா.

மதிய ஊசிக்கு வர்றேன். ரூம்ல ரெண்டு பேருக்கு தெரிஞ்சதுக்கு அப்புறம் மேஜையில யாராவது ஒருத்தி உனக்கு தெரிஞ்சவளா இருப்பா, அதுலயே பாதி பாரம் இறங்கிடும். இன்சுலின் பென் ஊசி ரொம்ப சின்னது, 4 மில்லிமீட்டர்ல கூட வருது, யூனிட்ட திருகி வயித்துல போட்டு 10 எண்ணி எடுக்கறதுக்குள்ள பக்கத்துல பேசிட்டு இருக்கறவங்க பேச்ச முடிச்சிருக்க மாட்டாங்க. சாப்பிட உக்காந்தப்பறம் போடறத விட ஒரு 15 நிமிஷம் முன்னாடியே போடறது பெரும்பாலும் இன்னும் நல்லது, அப்படின்னா க்ளாஸ் முடிஞ்சு வெளிய வர்றப்பவே ஒரு ஓரமா போட்டுட்டு சாப்பிட போகலாம். ஆனா சாப்பாடு லேட் ஆகாதுன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும், போட்டுட்டு வரிசைல முக்கால் மணி நேரம் நிக்காத. தினமும் வயித்துல ஒரே இடத்துல போடறியான்னும் தடவிப் பாரு, கட்டி மாதிரி தடிப்பா ஏதாவது இருந்தா அங்க போடாத, அந்த கட்டில போட்ட இன்சுலின் எப்ப ரத்தத்துல கலக்கும்னே சொல்ல முடியாது. பாத்ரூம்ல அவசரமா, யாராவது கதவ தட்டிடுவாங்களோன்னு போடறவங்க பழகின ஒரே இடத்துல தான் குத்துவாங்க, வலிக்காதுல்ல.

இன்னொண்ணு மெதுவா கேக்கறேன், பதில் எனக்கு வேண்டாம், உனக்கு நீயே சொல்லிக்கோ. மதிய ஊசிய விடறதுக்கு வெக்கம் மட்டும் தான் காரணமா, இல்ல ஊசி போடாட்டி எடை குறையுதுங்கறதும் கொஞ்சம் காரணமா? உன் வயசுப் பொண்ணுங்க நிறைய பேர் இதுல மாட்டிக்கறாங்க, பசங்களும் தான். இன்சுலின் இல்லாதப்ப சர்க்கரை உடம்புக்குள்ள போக முடியாம யூரின்ல வெளியேறுது, உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிச்சு சாப்பிடுது, அது தான் அந்த எடை குறையறது. அப்படி எரியறப்ப வர்ற அமிலம் தான் கீட்டோன், அது ஏறினா தான் அந்தப் பையன் ஐசியூக்கு போனது. உனக்கு அப்படி இருந்துச்சுன்னா டாக்டர்கிட்ட அத பேர் சொல்லி சொல்லு, இதுக்குன்னே மனநல உதவி இருக்கு.

நம்பர பத்தி நீ நினைக்கறத மாத்தணும். உனக்கு ஒவ்வொரு நம்பரும் பரீட்சை மார்க் மாதிரி ஆயிடுச்சு, 140 வந்தா நீ நல்ல பொண்ணு, 310 வந்தா கெட்ட பொண்ணு. 310 உன்ன பத்தி ஒண்ணுமே சொல்லல, இப்ப ரத்தத்துல என்ன இருக்கு, அடுத்து என்ன செய்யணும், அத மட்டும் தான் சொல்லுது. அதுவும் உன் வயசுல இந்த நம்பர் உன் பேச்ச முழுசா கேக்காது. வயசுக்கு வர்ற காலத்துல வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிரா நிக்கும், அது டீன் ஏஜ் முடியறப்ப தான் மெல்ல அடங்கும். விடியக்காலைல ஹார்மோன் ஏறி நீ தூங்கிட்டு இருக்கறப்பவே சுகர ஏத்தும். பீரியட்ஸ்க்கு முந்தின சில நாள் நிறைய பேருக்கு இன்சுலின் தேவை கூடும், ஆரம்பிச்சதும் குறையும். பரீட்சை டென்ஷன், தூக்கம் இல்லாம முழிச்சிருக்கறது, சளி காய்ச்சல், வெயில்ல வெச்சு வீணாப்போன இன்சுலின், எல்லாமே ஏத்தும். திறக்காத இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறைஞ்சு போனா தூக்கிப் போட்டுடணும், திறந்தத 30 டிகிரிக்கு மேல சூடு படாம வெச்சு பெரும்பாலும் 4 வாரத்துக்குள்ள முடிக்கணும். ஒளிச்சு வெக்கறதுக்காக பெட்டி அடில, ஜன்னல் ஓரத்துல எங்கயாவது வெக்கறியா? அப்படின்னா அதையும் பாரு.

உனக்கு இது ஏன் வந்துச்சுன்னு யாராவது இனிப்பு சாப்பிட்ட கதை சொன்னா நம்பாத. கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்ல உன் உடம்போட எதிர்ப்பு சக்தியே எதிரின்னு நினைச்சு அழிச்சுடுச்சு. நீ சாப்பிட்டதாலயும் வரல, உங்க அம்மா வளர்த்ததாலயும் வரல. 1922க்கு முன்னாடி இது வந்தா பட்டினி போட்டு கொஞ்ச மாசம் இழுத்துப் பிடிக்கறத தவிர வைத்தியமே கிடையாது. அந்த வருஷம் ஜனவரில டொரண்டோவுல லியோனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையனுக்கு முதன்முதலா இன்சுலின் போட்டாங்க, முதல் ஊசி அவ்வளவா சரிப்படல, மருந்த இன்னும் சுத்தம் பண்ணி 12 நாள் கழிச்சு திரும்ப போட்டப்ப சுகர் இறங்குச்சு, எலும்பும் தோலுமா கிடந்த பையன் எழுந்து உக்காந்தான். கண்டுபிடிச்சவங்க அந்த காப்புரிமைய பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, எல்லாருக்கும் கிடைக்கணும்னு. நீ பாத்ரூம்ல கதவ சாத்திட்டு வெக்கப்பட்டு போடறியே, அந்த மருந்தும்மா இது. இன்சுலின நிறுத்திட்டு குணப்படுத்தறேன்னு யாராவது வந்தா, அது பொடியோ கஷாயமோ டயட்டோ எதுவா இருந்தாலும், அந்த ஆள் கிட்ட இருந்து எழுந்து வந்துடு. டைப் 1ல இன்சுலின நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து வரும்.

சரி, கண்ணு, கிட்னி. நீ கேட்டது நெஜமான்னு, நேரா பதில் சொல்றேன். 10.4ன்னா உன் ரத்தத்துல சர்க்கரை சராசரியா 250 கிட்ட இருந்திருக்குன்னு அர்த்தம், அப்படியே பல வருஷம் போனா கண்ணையும் கிட்னியையும் நரம்பையும் பாதிக்கும், அது உண்மை. ஆனா அது தலைவிதி இல்ல, அதுக்கு ஆதாரம் இருக்கு. 1983ல இருந்து 1993 வரைக்கும் டிசிசிடின்னு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 13ல இருந்து 39 வயசுக்குள்ள டைப் 1 இருக்கற 1,441 பேர். ஒரு பாதி பேருக்கு அப்ப இருந்த சாதாரண சிகிச்சை, எச்பிஏ1சி 9 கிட்ட இருந்துச்சு, இன்னொரு பாதிக்கு தீவிர சிகிச்சை, 7 கிட்ட வந்துச்சு. அந்த ரெண்டாவது பாதில கண் பாதிப்பு வர்ற ஆபத்து 76 சதவீதம் குறைஞ்சுது, நரம்புக்கு 60, கிட்னிக்கு 50. அதே ஆராய்ச்சில இருந்த டீன் ஏஜ் பிள்ளைங்களால, அவ்வளவு கவனிப்பு இருந்தும், பெரியவங்க அளவுக்கு எச்பிஏ1சிய இறக்க முடியல. அந்த வயசே அப்படி, உனக்கு மட்டும் இல்ல. அப்புறம் ஆராய்ச்சி முடிஞ்சு பல வருஷம் கழிச்சு பார்த்தப்பவும், அன்னிக்கு நல்லா வெச்சிருந்த வருஷங்களோட பலன் அவங்க உடம்புல தொடர்ந்து தெரிஞ்சுது. நீ இப்ப எடுக்கற ஒவ்வொரு நல்ல மாசமும் உன் கணக்குல சேருது, 10.4ல இருந்து நேரா 7க்கு குதிக்க வேண்டாம், 9 வந்தாலே உன் கண்ணுக்கு அது பெரிய நிம்மதி.

உனக்கு 5 வருஷம் ஆகுது, அதனால கண் பாப்பாவ விரிச்சு விழித்திரை டெஸ்ட்டும், கிட்னிக்காக யூரின்ல அல்புமின்ங்கற புரத டெஸ்ட்டும் வருஷா வருஷம் எடுக்கணும். எடுத்து நாளாச்சுன்னா சுகர வேகமா இறக்கறதுக்கு முன்னாடியே கண்ண பார்த்துடு, ஏன்னா ரொம்ப நாள் உயரமா இருந்த சுகர் சடார்னு இறங்கறப்ப ஏற்கனவே கண்ணுல இருக்கற பாதிப்பு கொஞ்ச காலம் அதிகமாக வாய்ப்பு இருக்கு. அந்தக் காரணத்துக்காகவும் தான் மெதுவா, டாக்டரோட சேர்ந்துன்னு சொல்றேன்.

காய்ச்சல், வாந்தி வர்ற நாளுக்கு ஒரே விஷயம். சாப்பிடலையே அப்புறம் எதுக்கு ஊசின்னு நிறுத்தறது தான் ஐசியூக்கு போற நிறைய பேர் பண்ற தப்பு. உடம்பு சரியில்லாதப்ப சாப்பிடாமயே சுகர் ஏறும், நீண்ட நேர இன்சுலின் போட்டே ஆகணும், தண்ணி நிறைய குடிக்கணும், கீட்டோன் ஸ்ட்ரிப்ல பார்க்கணும். ரத்தக் கீட்டோன் 1.5 தாண்டினா டாக்டருக்கு போன், 3 தாண்டினாலோ வாந்தி நிக்கலன்னாலோ வயித்து வலியோட மூச்சு வேகமா வாங்கினாலோ யோசிக்காம எமர்ஜென்சி. இதையும் அந்த ரெண்டு பேர்கிட்ட சொல்லி வை. பார்ட்டில மது குடிக்கற பழக்கம் இருந்தா அதையும் மறைக்காத, மது கல்லீரல பிடிச்சு வெச்சுக்கும், லோ ஆனா உடம்பு தானா சர்க்கரை விட முடியாது, பார்க்கறவங்க போதைன்னு நினைச்சு விட்டுட்டு போயிடுவாங்க.

அலுத்துப் போச்சுன்னு எழுதியிருக்க. அலுக்கும். இது ஒரு நாள் கூட லீவ் இல்லாத வேலை, சாப்பிடறப்ப, நடக்கறப்ப, தூங்கறப்ப, சிரிக்கறப்ப கூட மூளைல ஒரு மூலைல கணக்கு ஓடிட்டே இருக்கு, ஒரு ஆரோக்கியமான உடம்பு யாருக்கும் தெரியாம செய்யற வேலைய நீ கையால செஞ்சுட்டு இருக்க. அந்த சலிப்ப நாங்க இப்ப ஒரு தனி விஷயமாவே பார்க்கறோம், சோம்பேறித்தனம்னு யாரும் சொல்றதில்ல. சிஜிஎம்னு சுகர விடாம பார்த்துட்டே இருக்கற, கைல ஒட்டிக்கற சென்சார் கிடைச்சா, கட்டுபடியானா, அத யோசி, லோ ஆகப் போகுதுன்னா ராத்திரி அதுவே அலாரம் அடிக்கும், விரல குத்தறதும் குறையும். நாள்ல 70 சதவீத நேரம் 70க்கும் 180க்கும் நடுவுல இருந்தா நல்லதுன்னு இலக்கு வெச்சிருக்கோம், கவனி, 100 சதவீதம்னு யாரும் கேக்கல. சலிப்பு போய் வாழவே பிடிக்கலங்கற எண்ணமா மாறினா மட்டும் அன்னிக்கே யார்கிட்டயாவது வாய் விட்டு சொல்லிடு, ராத்திரி 2 மணியா இருந்தாலும் சரி.

அம்மாவ பத்தி நீ ஒரே ஒரு இடத்துல தான் எழுதியிருக்க, திட்டு வாங்கினப்ப பக்கத்துல இருந்தாங்கன்னு. தினமும் போன்ல சுகர் எவ்வளவுன்னு கேக்கறாங்களா? கேட்டா அவங்ககிட்டயும் பொய் நம்பர் தான் போகுதுன்னு நினைக்கறேன். அம்மா, தினமும் நம்பர் கேக்காதீங்க, வாரத்துல ஒரு நாள் நானே சொல்றேன், நெஜத்த சொல்றேன், ஆனா கேட்டுட்டு அழக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் போடு. அவங்களுக்கு கஷ்டமா தான் இருக்கும், 15 வயசுல உனக்கு ஊசி போட்ட கை அது. அடுத்த தடவ டாக்டர பார்க்கறப்ப முதல் 10 நிமிஷம் நீ மட்டும் தனியா பேசணும்னு கேளு, 20 வயசு ஆச்சு, அது உன் உரிமை.

கல்யாணம், குழந்தை எல்லாம் நீ கேக்கல, ஆனா ராத்திரி முழிச்சிருக்கறப்ப யோசிச்சிருப்ப. ரெண்டும் முடியும், குழந்தைக்கு முன்னாடியே சுகர நல்லா கொண்டு வந்துட்டு திட்டம் போட்டு பெத்துக்கணும், அவ்வளவு தான். வேலையும் முடியும். கேரி ஹால் ஜூனியர்னு ஒரு நீச்சல் வீரருக்கு 1999ல டைப் 1னு தெரிஞ்சப்ப இனிமே போட்டிக்கு நீந்த முடியாதுன்னு சொன்னாங்க, அடுத்த வருஷம் சிட்னி ஒலிம்பிக்ஸ்ல 50 மீட்டர்ல தங்கம் வாங்கினாரு, 2004 ஏதென்ஸ்ல திரும்பவும் வாங்கினாரு. நீ தங்கம் வாங்க வேண்டாம், எல்லார் மாதிரியும் மதியம் உக்காந்து சாப்பிட்டா போதும் எனக்கு.

இந்த வாரத்துக்கு ரெண்டே வேலை குடுக்கறேன். ஒண்ணு, அந்த ஃப்ரெண்ட்கிட்ட பேசறது. இன்னொண்ணு, புது நோட்டு ஒண்ணு வாங்கி 10 நாளைக்கு மட்டும் நெஜத்த எழுதறது, செக் பண்ணாத வேளைய காலியாவே விடு, ஊசி போடலன்னா போடலன்னு எழுது, 410 வந்தா 410னு எழுது, ஒரே பேனா போதும். அத எடுத்துட்டு டாக்டர்கிட்ட போ, பழைய நோட்டு நான் ராத்திரி உக்காந்து எழுதினது டாக்டர், இது தான் நெஜம்னு மேஜைல வை. அவரு திட்டினாருன்னா எனக்கு எழுது, வேற டாக்டர எப்படி தேடறதுன்னு பேசலாம். திட்டலன்னாலும் எழுது, ஃப்ரெண்ட் என்ன சொன்னான்னு எனக்கு தெரியணும்.